சத்தம் வராத தின்பண்டம்

என் தம்பியின் கடைக்கு வாசல் கிடையாது. ஒரு ஜன்னல்தான் கடை. பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டி நீளமாக ஒரு நடை உண்டு. அந்த நடையின் கோடியில், முன்பு பந்தும் வலையும் போட்டு வைத்திருந்த சிறிய அறையை அவனுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். உள்ளே ஒரு மேசை, இரண்டு அலமாரி, ஒரு குளிர்பெட்டி. இவை போக மிச்சமுள்ள இடத்தில் அவன் நிற்கிறான். குனிந்து எதையாவது எடுக்க வேண்டுமென்றால் முதலில் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ள வேண்டும். ஆனாலும் அந்த அறையில் ஓரிடத்திலும் பிசுக்கு இருக்காது. டப்பாக்களின் மூடிகள்கூட ஒரே பக்கம் பார்த்தபடி இருக்கும். இதையெல்லாம் அவனுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன் என்று சொல்ல வரவில்லை. வேறு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் ‘மொறுமொறு மாமா’. சும்மா வைத்துவிடவில்லை. உருளைக்கிழங்கு வறுவலை எண்ணெயிலிருந்து எடுக்கும் பதத்தை மற்றவர்கள் கண்ணால் பார்ப்பார்கள், அவன் காதால் பார்ப்பான். கிழங்கு உள்ளே விழுந்ததும் சட்டி ஆரவாரம் செய்யும். ஈரம் போகப் போக அது குறைந்து, கடைசியில் யாரோ பக்கத்து அறையில் ரகசியம் பேசுவதுபோல் வந்து நிற்கும். அப்போது எடுத்துவிட வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தாலும் கசப்பு; ஒரு மூச்சு முந்தினாலும் தொளதொள. அடுப்பில் சட்டி இருக்கும்போது வீட்டில் யாரும் பேசக் கூடாது, ரேடியோ பாடக் கூடாது. கல்யாணமான புதிதில் அவன் மனைவி என்னிடம் வந்து முறையிட்டாள்.

“நான் பேசறதைவிட சட்டி பேசறதைத்தான் அண்ணி உங்க தம்பி கவனமாக் கேக்கறாரு.”

“சட்டி தேவையில்லாம பேசாதும்மா,” என்றான் அவன், திரும்பிப் பார்க்காமலே.

அதற்கு அவள் கொடுத்த பதிலை நான் எழுதப்போவதில்லை.

வறுத்த ஒரு துண்டை அவன் கடித்தால், ஜன்னலுக்கு வெளியே வரிசையில் கடைசியாக நிற்கும் பிள்ளைக்குக் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் அந்த டப்பா அன்று விற்பனைக்கு வராது. எங்கள் வீட்டுக்குத் திரும்பிவிடும். வறுத்த கடலையும், பொரித்த அப்பளக் குழல்களும், பாட்டிலில் கலர் பானமும் இருந்தாலும், பிள்ளைகள் வந்தது அந்தச் சத்தத்துக்குத்தான்.

அவனுக்கு ஒரு எதிரி இருந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பள்ளியே கொடுக்கிறது. அதைச் சமைப்பவரை எல்லோரும் சமையலம்மா என்பார்கள். ரொட்டி, காய்கறி சூப், அவித்த முட்டை, ஒரு பழம். நாளுக்கு நாள் காய் மாறும், சூப் மாறாது. மணி அடித்ததும் பிள்ளைகள் முதலில் ஓடுவது என் தம்பியின் ஜன்னலுக்கு. அங்கே வறுவலைத் தின்று, கலர் பானத்தைக் குடித்துவிட்டு, பிறகு கூடத்துக்குள் போய் சூப்புக் கிண்ணத்துக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கும். கிண்ணங்கள் போன மாதிரியே திரும்பி வரும்.

சமையலம்மா கரண்டியோடு நடைக்கு வந்து நிற்பார்.

“ஏப்பா ஜன்னல்! பிள்ளைங்க வயித்துல நீ கிழங்கைப் போட்டு அடைச்சு அனுப்பினா, என் சூப்பு எந்தச் சந்துல போகும்?”

“சூப்பு நல்லா இருந்தா அதுவே வழி கண்டுபிடிச்சுப் போகும் சமையலம்மா.”

“நல்லா இல்லைங்கறியா?”

“நான் எப்ப சொன்னேன்? திரும்பி வர்ற கிண்ணம் சொல்லுது.”

“உன் வாயை முதல்ல எண்ணெயில போட்டு எடுக்கணும்.”

இது தினமும் நடக்கும் சண்டை. இருவரில் ஒருவர் விடுப்பு எடுத்தால் மற்றவருக்கு அன்று பொழுது போகாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நடையில் இருக்கும் கரும்பலகையில் ஹெட்மிஸ்ட்ரஸ் அந்த ஒரு வரியை எழுதினார்: அடுத்த வாரம் முதல் பள்ளி வளாகத்தில் நொறுக்குத்தீனி விற்கத் தடை. விவரம் கூட்டத்தில் சொல்லப்படும்.

ஹெட்மிஸ்ட்ரஸ் கெட்டவர் இல்லை. அவனைத் தனியாகக் கூப்பிட்டும் சொன்னார்.

“உணவு அலுவலர் நேர்ல வந்து பாப்பாங்க. குறை ஏதாவது இருந்தா ஜன்னலை மூடிட்டு அங்க கை கழுவக் குழாய் வைக்கணும்னு நிர்வாகத்துல பேசிட்டு இருக்காங்க. பாத்து நடந்துக்கங்க.”

அந்த ஜன்னல் போனால் அவனுக்கு வேறு தொழில் இல்லை. அதற்கு முன் ஒரு பேக்கரியில் தட்டு சுமந்துகொண்டிருந்தான். முதலாளி திட்டினால் பதில் சொல்லத் தெரியாமல் வீட்டுக்கு வந்து சுவரோடு பேசுவான். ஜன்னல் கிடைத்த பிறகுதான் அவன் நிமிர்ந்து நடந்ததைப் பார்த்தேன். அதனால் அந்தச் செய்தி வந்த சாயங்காலம் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. நான், அவன், அவன் மனைவி மூவரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரு வரியைப் பிரித்து மேய்ந்தோம்.

“தீனியே விக்கக் கூடாதுன்னா, ஜன்னலை மூடச் சொல்லியிருப்பாங்கல்ல?” என்றாள் அவன் மனைவி.

“மூடச் சொல்லலியே. பாத்து நடந்துக்கங்கன்னுதான் சொன்னாங்க,” என்றான் அவன்.

“அப்ப தீனிக்குத் தடை இல்ல. நொறுக்குத்தீனிக்குத்தான் தடை,” என்றேன் நான்.

“நொறுக்குன்னா?”

“நொறுங்கறது. கடிச்சா நொறுங்கணும். பேர்லயே இருக்கே.”

அவன் முகம் விழுந்துவிட்டது. “அப்ப என்னைக் குறிவச்சுத்தான் போட்டிருக்காங்க. எதுக்குக்கா? நொறுங்கினா என்ன தப்பு?”

“பாடம் நடக்கறப்ப சத்தம் வருதுன்னு இருக்கும்,” என்றாள் அவன் மனைவி. “பின்பெஞ்சுல உக்காந்து ஒண்ணொண்ணா கடிக்குங்கள்ல.”

“பல் உடையுதுன்னுகூட இருக்கலாம்,” என்றேன்.

எங்கள் மூவரின் படிப்புக்கும் அது நியாயமாகவே பட்டது. ஜன்னல் பிழைத்தது என்று சாப்பிட ஆரம்பித்தோம். விவரம் சொல்லும் கூட்டத்தன்று குளிர்பெட்டி நின்றுபோய், மெக்கானிக்கைப் பிடித்துவைத்துக்கொண்டு இருந்ததால் அவன் கூட்டத்துக்குப் போகவில்லை. போயிருந்தாலும், நமக்குத்தான் விஷயம் தெரியுமே என்று கடைசி வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டிருப்பான்.

பிறகு வீட்டில் தேர்வு நடந்தது. எதையும் அரைகுறையாகச் செய்வது எங்களுக்குப் பிடிக்காது. அவன் மேசையருகே நின்று கடிப்பான். அவன் மனைவி அடுப்படியிலும் நான் வாசல்படியிலும் நிற்போம். இருவரில் ஒருவருக்குக் கேட்டாலும் அந்தப் பண்டம் தோல்வி.

பிஸ்கட் தோற்றது. கடலை தோற்றது. ஆப்பிள் தோற்றது. வெள்ளரித் துண்டு தோற்றது. கேரட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், தெருவில் போன ஆள் திரும்பிப் பார்த்தார். க்ரீம் வைத்த பன் முதல் கடியிலேயே ஜெயித்தது. சர்க்கரைப் பாகில் ஊறிய கேக் ஜெயித்தது. ஜெல்லியைக் கடிக்கவே வேண்டியிருக்கவில்லை. கலர் பானத்துக்கு நாங்கள் தேர்வு வைக்கவில்லை.

“குடிக்கிறதுல சத்தம் வந்தா அது குடிக்கிறவன் தப்பு,” என்றான் தம்பி.

மறுவாரம் ஜன்னலில் எல்லாம் மெத்து மெத்தென்று வரிசையாக உட்கார்ந்திருந்தன. பிள்ளைகள் முதலில் திகைத்தன. பிறகு வாங்கின. க்ரீம் பன்னை எந்தப் பிள்ளை வேண்டாம் என்னும்? விற்பனைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்குமா பிள்ளைகளுக்கு?

“மாமா, இது பல் செட் வச்சவங்க கடையா?”

“டேய், மொறுமொறு மாமா செத்துட்டாரு. இவரு கொழகொழ மாமா.”

அந்த இரண்டாவது பெயர் அன்று சாயங்காலமே பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. அவன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான். கலர் பானம் கேட்டுப் பிள்ளைகள் நீட்டிய கைகளைவிட அந்தப் பெயர்தான் அவனுக்கு நினைவிருந்தது.

“வித்துப் போச்சேடா, இன்னும் என்ன?” என்றேன்.

“வித்துச்சுக்கா. ஒருத்தன்கூட கண்ணை மூடித் திங்கல. மொறுமொறுன்னு இருந்தா கண்ணு தானா மூடும், நீ பாத்திருக்கியா?”

நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு பார்க்கிறேன். அவன் சொன்னது சரி.

அலுவலர் வந்த அன்று நான் அங்கே இல்லை. நடந்ததைத் தம்பி வாயால் ஒரு மாதிரியும் சமையலம்மா வாயால் வேறு மாதிரியும் கேட்டிருக்கிறேன். இரண்டுக்கும் பொதுவானதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அலுவலர் குள்ளமான பெண்மணி, தோளில் துணிப்பை, கழுத்தில் அட்டை. மதிய மணி அடித்து பிள்ளைகள் ஜன்னலில் மொய்த்திருந்த நேரத்தில் ஹெட்மிஸ்ட்ரஸோடு வந்தார். க்ரீம் பன்னைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார், நீலநிற ஜெல்லியைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

“இதெல்லாம் என்ன?”

“எல்லாம் சட்டப்படிதாங்க மேடம்,” என்றான் தம்பி. அன்று இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான்.

“எந்தச் சட்டப்படி?”

“கொஞ்சம் கிட்ட வாங்க மேடம்.” அவன் ஒரு துண்டு கேக்கை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அவர் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கடித்தான். “கேளுங்க.”

அந்த அம்மாவும் பாவம், உண்மையிலேயே காதைச் சாய்த்துக் கேட்டிருக்கிறார்.

“என்ன கேக்கணும்?”

“ஒண்ணும் கேக்காது மேடம். அதான் விஷயம்.”

ஹெட்மிஸ்ட்ரஸுக்கு வியர்த்துவிட்டது. “ஏங்க, என்ன பண்றீங்க நீங்க?”

“நொறுக்குத்தீனி கூடாதுன்னு போட்டிருந்தீங்களே டீச்சரம்மா. ஒண்ணாவது நொறுங்குதான்னு பாருங்க. வீட்டுல மூணு பேர் வச்சு சோதனை பண்ணிட்டுத்தான் கொண்டாந்தேன்.”

முதலில் சிரித்தது சமையலம்மா. கூடத்து வாசலில் கரண்டியோடு நின்றிருந்தவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாராம். அலுவலர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தம்பி மட்டும் கையில் பாதிக் கேக்கோடு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அலுவலர் சிரித்து முடித்து, பிறகு பொறுமையாகச் சொன்னார்.

“சத்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. எண்ணெயில பொரிச்சது கூடாது. சர்க்கரை, உப்பு கொறைவா இருக்கணும். குடிக்கத் தண்ணி, பால், சர்க்கரை போடாத பழச்சாறு. அதைவிட முக்கியம், சாப்பாட்டு நேரத்துல நீங்க விக்கக் கூடாது. பிள்ளைங்க இந்தம்மா சமைச்சதைச் சாப்பிட்டு முடிச்ச பிறகுதான் ஜன்னல் திறக்கணும். இப்ப நீங்க வச்சிருக்கறது எல்லாமே வைக்கக் கூடாதது.”

அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு கேட்டது ஒன்றே ஒன்று.

“அப்ப சத்தம் வரலாங்களா?”

“எந்தச் சத்தம்?”

“கடிச்சா.”

“தாராளமா வரட்டும். எனக்கென்ன?” என்றார் அலுவலர். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, “சிரிச்சுட்டேன்னு லேசா எடுத்துக்காதீங்க. மறுபடி வருவேன். அப்பவும் இப்படி இருந்தா, ஜன்னலை மூடச் சொல்லித்தான் எழுதுவேன்,” என்றார்.

எந்த மனுஷனும் இதைக் கேட்டால் இடிந்துபோவான். இவன் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான். “அக்கா! சத்தம் வரலாமாம்!” பரீட்சையில் பாஸானவன் மாதிரி. என்ன ஏது என்று நாங்கள் விசாரித்து, விஷயத்தின் மறுபாதியைப் பிடுங்குவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

எண்ணெய் இல்லாமல் மொறுமொறுப்பு எப்படி வரும்? சட்டியையே நம்பி வளர்ந்தவன் அவன். கேரட்டையும் வெள்ளரியையும் ஐஸ் தண்ணீரில் போட்டு வைத்தால் போதும், அது சுலபம். ஆனால் அவை வீட்டிலும் கிடைக்கும் பண்டம். பிள்ளைகள் காசு கொடுத்து வாங்காது. ஆப்பிளை மெல்லியதாகச் சீவி, வெறும் கல்லில் போட்டுப் பார்த்தான். ஒரு பக்கம் கரி, மறு பக்கம் ஈரம். பீட்ரூட் இன்னும் மோசம். ஒரு துண்டை இழுத்துப் பார்த்துவிட்டு அவன் மனைவி என்னிடம் நீட்டினாள்.

“இதுல ஒரு ஜோடி செருப்பு தைச்சுடலாம் அண்ணி. உங்க தையல் மெஷின்ல ஓடுமா?”

“ஊசி உடையும்,” என்றேன்.

சீராக, கொஞ்சம் கொஞ்சமாக, நாலு பக்கமும் ஒரே சூடாக இருந்தால்தான் பழம் உலரும். அதற்குப் பெரிய ஓவன் வேண்டும். எங்களுக்குத் தெரிந்து ஊரில் சும்மா கிடக்கும் பெரிய ஓவன் ஒன்றே ஒன்றுதான். காலையில் ரொட்டி சுட்டு முடித்த பிறகு அது வெறுமனே ஆறிக்கொண்டிருக்கும். அது சமையலம்மாவுடையது.

சமையலறைப் பின்வாசலில் போய் நிற்க அவனுக்குக் கால் எழவில்லை. நான் துணைக்குப் போனேன். பள்ளிச் சமையலறைக்கு மேலங்கிகளைத் தைத்துக் கொடுத்த வகையில் சமையலம்மாவுக்கு என்னைத் தெரியும்.

“என்ன, ஜன்னல் கதவைத் தேடி வந்திருக்கு?” என்றார் அவர்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

“உங்க ஓவன்ல சூடு வீணாப் போகுது சமையலம்மா,” என்றான் கடைசியில்.

“அது வீணாப் போனா உனக்கென்ன?”

“எனக்குக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா ஆப்பிள் காய வச்சுக்குவேன்.”

“நீ என் பிள்ளைங்களைக் கெடுக்க, நான் அடுப்பு குடுக்கணுமா?”

“இப்பத்தான் கெடுக்க முடியாதே. சட்டமே வந்துடுச்சு,” என்றான். அவன் அதைச் சொன்ன விதத்தில் ஒரு வருத்தம் இருந்தது போலும், சமையலம்மா சிரித்துவிட்டார்.

“சரி. ரெண்டு விஷயம். என் ரொட்டி வெளிய வந்த பிறகுதான் உன் தட்டு உள்ள போகணும். கடைசிக் கிண்ணம் கழுவப் போற வரைக்கும் உன் ஜன்னல் திறக்கக் கூடாது. கொண்டி விழற சத்தம் எனக்குக் கேட்டுச்சுன்னா கரண்டியோட வருவேன்.”

அன்று முதல் காலையில் அவன் அங்கேதான். சட்டியிடம் காட்டிய மரியாதையை ஓவனிடமும் காட்டினான். கதவைத் திறந்து தட்டை லேசாக ஆட்டுவான். ஈரமுள்ள துண்டு தட்டோடு ஒட்டிக்கொண்டு கம்மென்று இருக்கும், உலர்ந்தது கிலுகிலுக்கும். எல்லாத் துண்டும் ஒருசேரக் கிலுகிலுத்தால் ஆயிற்று. அந்த ஆப்பிள் சீவலை நான் தின்றேன். பொரித்ததற்கு ஒரு மாற்றும் குறையவில்லை. எண்ணெய் இல்லாததால் சத்தம் இன்னும் சுத்தமாக இருந்தது என்றுகூடச் சொல்வேன்.

விஷயம் அங்கே நின்றிருந்தால் சுபம். ஆனால் அவன் கை சும்மா இருக்காதே. சமையலம்மா ரொட்டியின் ஓரங்களைச் சீவி ஒரு வாளியில் போடுவார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் ஒரு நாள் அதைச் சிறு சிறு சதுரமாக நறுக்கி, பூண்டுப் பல்லால் தடவி, தன் தட்டின் ஓரத்தில் வைத்துச் சுட்டான். நாலைந்தை அள்ளி அவருடைய சூப்பில் போட்டான்.

“என் சூப்புல எதுக்குய்யா கல்லைப் போடறே?”

“ஊறறதுக்குள்ள குடிச்சுப் பாருங்க.”

அவர் ஒரு வாய் குடித்தார். கடுக்கென்று சமையலறை முழுக்கக் கேட்டது. இரண்டாவது வாய் குடித்தார். பிறகு வாளியை அவன் பக்கம் காலால் நகர்த்தினார்.

மறுநாள் பிள்ளைகளின் கிண்ணத்தில் அந்தத் துண்டுகள் விழுந்தன. அவை ஊறிப்போவதற்குள் குடித்துவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்குள் போட்டி. துண்டு தீர்ந்தால் இன்னும் துண்டு வேண்டும். துண்டு வேண்டுமானால் இன்னும் சூப்பும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சமையலம்மா ஒரு சட்டம் போட்டார். அவருடைய சட்டத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கிண்ணங்கள் காலியாகத் திரும்பின.

கடைசிக் கிண்ணம் கழுவப் போன பிறகு தம்பி ஜன்னலைத் திறந்தான். ஆப்பிள் சீவல், பீட்ரூட் சீவல், வறுத்த மக்காச்சோளம், குளிர்ந்த பால். ஒரு பிள்ளைகூட வரவில்லை. வயிறு நிறைந்த பிள்ளைகள் அவனுக்குக் கையாட்டிவிட்டு விளையாடப் போய்விட்டன. அடுத்த நாளும் அப்படித்தான். அந்த வாரம் பூராவும் அப்படித்தான்.

அவன் மனைவிதான் அதைச் சொன்னாள், தட்டில் மிஞ்சிய சீவல்களை டப்பாவில் கொட்டிக்கொண்டே.

“நம்ம பொழப்பை நாமளே அள்ளி அந்தம்மா சூப்புல போட்டுக் கலக்கறோமே, தெரியுதா?”

“தெரியுது.”

“அந்த ரொட்டித் துண்டை நிறுத்துங்க. அவங்களும் பிழைச்சு நாமளும் பிழைக்க வழியில்லைன்னா, நாம பிழைக்கணும்ல? அலுவலர் வர்றப்ப ஜன்னல்ல ஒரு பிள்ளைகூட நிக்கலைன்னா, எதுக்கு இந்த ஜன்னல்னு குழாயை வச்சுடுவாங்க.”

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நானும் அவள் பக்கம்தான் என்று சொன்னேன். அவன் சீவலை ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“காலிக் கிண்ணத்தை அடுக்கறப்ப ஒரு சத்தம் வருதுக்கா,” என்றான். “டங்கு டங்குனு. இத்தனை வருஷம் அந்த நடையிலதான் நிக்கறேன், அதை நான் கேட்டதே இல்ல. சூப்பு மிச்சம் இருந்தா அது வராது.”

“அதுக்கு?”

“அதை எப்படி நிறுத்தறது?”

மறுநாளும் அவன் ரொட்டி ஓரங்களை நறுக்கினான். அவன் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அவனுக்குப் பூண்டு உரித்துக் கொடுத்தாள். தம்பியை நல்லவன் என்று எல்லா அக்காக்களும் சொல்வார்கள். நான் இதை வைத்துத்தான் சொல்கிறேன்.

அலுவலர் வந்தார். இந்த முறை நானும் இருந்தேன். மேலங்கிகளைக் கொடுக்கப் போன சாக்கில், சமையலறை ஓரமாக நின்றுகொண்டேன். ஜன்னல் சாத்தியிருந்தது. கடைசிக் கிண்ணம் போனதும் திறந்தது. அவர் ஒவ்வொரு டப்பாவாகத் திறக்கச் சொன்னார், என்ன போட்டான் என்று கேட்டார், ஒரு பீட்ரூட் சீவலைக் கடித்தார். கடித்தவுடன் அவருக்கே பழைய நினைவு வந்து புன்னகைத்தார்.

“என் பக்கம் எல்லாம் சரிங்க,” என்றார் ஹெட்மிஸ்ட்ரஸிடம்.

தம்பியின் தோள் கொஞ்சம் இறங்கியது. ஹெட்மிஸ்ட்ரஸ் ஆளில்லாத நடையைப் பார்த்தார்.

“சரிதாங்க மேடம். ஆனா வாங்கத்தான் ஆளில்லையே. சும்மா நிக்கற ஜன்னலுக்கு நிர்வாகத்துகிட்ட நான் என்னன்னு சொல்றது? அவங்க குழாய் குழாய்னு நிக்கறாங்க.” தம்பியைப் பார்த்து, “உங்க மேல குறை ஒண்ணும் இல்ல, தப்பா எடுத்துக்காதீங்க,” என்றார். அப்படிச் சொல்லிவிட்டால் அடுத்து வருவது நல்ல சேதியாக இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

தம்பி டப்பாக்கள் பக்கம் திரும்பினான். மூடிகளைச் சரியாகத் திருகி வைத்துக்கொண்டிருந்தான். நான் ஏதாவது சொல்லலாமா என்று வாயைத் திறப்பதற்குள், சமையலறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“மத்தியானம் குடிச்ச சூப்பு ராத்திரி வரைக்கும் நிக்குமா டீச்சரம்மா?”

சமையலம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். “கடைசி மணிக்கு அப்புறம் பந்தாட்டம், ஓட்டம்னு பாதிப் பிள்ளைங்க இங்கதானே நிக்குது? அதுங்க பசிக்கு எங்க போகுதுன்னு பாத்தீங்களா? கேட்டுக்கு வெளியே வண்டி. வண்டிக்காரன் சட்டியில எண்ணெய் என்ன நிறம்னு எட்டிப் பாருங்க. உள்ளே இவ்வளவு சட்டம் பேசி, பிள்ளையை அந்தச் சட்டிக்கு அனுப்பறதுக்கா இந்த ஜன்னலை மூடப்போறீங்க?”

“நீங்களா இவருக்காகப் பேசறீங்க?” என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

“இவனுக்காக யாரு பேசினா? இவன் போயிட்டா எனக்கு ரொட்டி நறுக்க யாரு வருவா?”

அலுவலர் சிரித்தார். “பள்ளி விட்ட பிறகு விக்கறதுக்கும் இதே விதிதாங்க. பண்டம் இதே பண்டம்னா எனக்கு ஆட்சேபணை இல்ல.”

ஹெட்மிஸ்ட்ரஸ் கொஞ்சம் யோசித்தார். “சரி. இந்தப் பருவம் முடியற வரைக்கும் சாயங்காலம் திறந்து பாருங்க. நடந்தா ஜன்னல். நடக்கலைன்னா குழாய்.”

இத்தனை காலமும் தம்பி மதிய இடைவேளை முடிந்ததும் டப்பாவை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவான். சாயங்காலம் என்று ஒன்று இருப்பது அவனுக்குத் தோன்றியதே இல்லை, எனக்கும்தான்.

முதல் சாயங்காலம் பிள்ளைகள் பழக்கத்தில் வாசல் கேட் பக்கமே போயின. வண்டிக்காரன் தன் கரண்டியால் சட்டியைத் தட்டுவது நடை வரைக்கும் வந்தது. தம்பி ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். ஒரே ஒருத்தி வந்தாள், பந்து தடுக்கிற பெண், முழங்காலெல்லாம் மண். ஆப்பிள் சீவல் ஒரு பொட்டலம் வாங்கி, மைதானத்து ஓரச் சுவரில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். அவள் குழுவில் இருந்த மற்றவர்கள் சத்தத்தைக் கேட்டு என்னடி என்னடி என்றார்கள். ஒருத்திக்குக்கூட அவள் கொடுக்கவில்லை. நல்ல பிள்ளை. அந்தக் கஞ்சத்தனத்தை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். அவள் கொடுத்திருந்தால் அவர்கள் ஜன்னலுக்கு வந்திருக்க மாட்டார்கள்.

பருவம் முடிந்தபோது நிர்வாகம் கை கழுவும் குழாயைச் சமையலறைச் சுவரை ஒட்டி வைத்துக்கொண்டது. ஜன்னல் இருக்கிறது. அதை ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்ன அன்று தம்பி வீட்டுக்கு ஓடி வந்து, மூச்சு வாங்கக்கூட நிற்காமல், ஒரு கூடை ஆப்பிளை என் முன்னால் கவிழ்த்தான்.

“நாளைக்குப் பக்கத்து ஸ்கூலோட பந்தயம் இருக்காம். ரெண்டு ஸ்கூல் பிள்ளைங்களும் வரும். இருக்கற சீவல் பத்தாது. கத்தியை எடுக்கா.”

தையல் மெஷினை மூடிவிட்டு நான் சீவ உட்கார்ந்தேன். அவன் மனைவி கொட்டைகளை எடுத்துக் கொடுத்தாள். துணியில் ஒரு நூல் கூடக் குறைய வெட்டாதவள் என்று இந்தத் தெருவில் எனக்குப் பெயர் உண்டு. அவன் என் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான்.

“இது என்னக்கா, ஆப்பிளா, செங்கல்லா? வெளிச்சம் தெரியணும். மெலிசா சீவு.”

அவனைப் பார்த்து முறைத்துவிட்டு, இன்னும் மெலிசாகச் சீவினேன்.